திரையில் தெரியும் எண் யாருடையது?

மணி அடிக்கிறது, தொலைபேசித் திரையில் ஓர் எண் தோன்றுகிறது. அந்த எண் அழைப்பவரின் கருவியோடு ஒட்டிப் பிறந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பெரிய அலுவலகங்களைப் பொறுத்தவரை இது சரியன்று.

நூறு மேசைகள் உள்ள ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு ஒன்றாக நூறு வெளி இணைப்புகள் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே பி.பி.எக்ஸ். என்னும் உள் இணைப்பகத்தை வைத்துக்கொண்டு, வெளியே பேச ஒரு பி.ஆர்.ஐ. இணைப்பைப் பெறுவார்கள். நம் நாட்டில் இதில் ஒரே சமயத்தில் 30 பேர் பேசலாம். அமெரிக்காவில் 23 பேர். பேச்சு தொடங்குமுன், "இன்ன எண்ணிலிருந்து இன்ன எண்ணுக்கு அழைப்பு" என்று ஒரு குறுஞ்செய்தியை பி.பி.எக்ஸ். வெளி இணைப்பகத்துக்கு அனுப்புகிறது. தபால் உறையில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோமே, அதைப் போன்றதுதான் இது! எந்த மேசைக்கு எந்த எண்ணைக் காட்டுவது என்பதை பி.பி.எக்ஸைப் பராமரிப்பவர் ஓர் அட்டவணையில் முன்கூட்டியே குறித்து வைக்கிறார். விற்பனைப் பிரிவுக்கு ஓர் எண், கணக்குப் பிரிவுக்கு வேறோர் எண்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. மருத்துவர் ஒருவர் நோயாளியை அழைக்கும்போது மருத்துவமனையின் பொது எண் தெரிவதே நல்லது. திருப்பி அழைத்தால் எடுக்க ஆள் இருக்கும் அல்லவா? அவசர அழைப்புக்கு மட்டும் இது ஆகாது. எண்ணை வைத்து முகவரி தேடும் ஊர்களில், கிளை அலுவலகத்தில் தீப்பிடித்தால் வண்டி தலைமையகத்துக்குப் போய் நிற்கும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. உறையில் எழுதியிருப்பது உண்மைதானா என்று வெளி இணைப்பகம் சோதிக்க வேண்டும். தனக்கு ஒதுக்கப்படாத எண்ணை ஒருவர் காட்டினால் தடுக்க வேண்டும். இணையம் வழியாகப் பல கை மாறி வரும் அழைப்புகளில் இந்தச் சோதனை நழுவிவிடுகிறது. 2024 அக்டோபரில் இந்தியா, வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைக் காட்டிக்கொண்டு வரும் போலி அழைப்புகளைத் தடுக்க ஓர் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் பிடிபட்டவை சுமார் 1.35 கோடி!

அமெரிக்காவில் 2021 ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்கள், இணைய முறையில் செல்லும் அழைப்புகளில் மின்னணு முத்திரை இட வேண்டும். வாடிக்கையாளரையும் தெரியும், எண்ணும் அவருடையதே என்றால் 'ஏ'. ஆளை மட்டும் தெரியுமென்றால் 'பி'. எங்கிருந்தோ வந்ததைக் கடத்திவிட்டால் 'சி'. இந்த எழுத்தைத் தொலைபேசித் திரையிலேயே காட்டிவிட வேண்டும் என்பேன். எண்ணை மட்டும் காட்டுவது பாதி உண்மையைக் காட்டுவதுதான்.

அதுவரை என்ன செய்வது? வங்கி என்று சொல்லி யாரேனும் இரகசிய எண் கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை நீங்களே சுழற்றுங்கள். காட்டப்படும் எண் வெறும் குறிப்பு. நீங்கள் சுழற்றும் எண்ணைக் கொண்டுதான் இணைப்பகம் வழி தேடுகிறது. ஆகவே அந்த அழைப்பு எண்ணுக்கு உரியவரிடமே போய்ச் சேரும்.