ராமேஸ்வரம்: லாட்ஜ் கழிவுநீருக்கும் கடலுக்கடியில் இருக்கும் பவளப்பாறைக்கும் என்ன சம்பந்தம்?

பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்திருக்கீங்களா? மொத்தம் 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலை வரும்போது ஏறக்குறைய பாதி தூரம் முடிந்திருக்கும். கால் வலிக்கும், டீக்கடையில் கூட்டம் இருக்கும், கழிப்பறை வாசலில் நீளமான வரிசை நிற்கும். அந்த வரிசையில் நிற்கும்போது நம்மில் பலருக்கும் தோன்றாத ஒரு கேள்வி உண்டு. இத்தனை பேருடைய கழிவுநீரும் எங்கே போகுது?

உள்நாட்டு ஊர்களில் அது மண்ணுக்குள்ளோ, கால்வாய்க்கோ, ஏரிக்கோ போகும். கோயில் ஊரே ஒரு சின்னத் தீவாக இருந்தால்? கடைசியில் கடலுக்குத்தான் போக வேண்டும். அந்தக் கடலில் பவளப்பாறையும் இருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் அப்படி ஓர் ஊர் இருக்கு: ராமேஸ்வரம்.

என்ன பிரச்னை?

ராமேஸ்வரம் போகும் பக்தர்கள் முதலில் அக்னி தீர்த்தத்தில் நீராடுவார்கள். அது குளம் இல்லை. கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடல். அதன் பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் குளித்துவிட்டு சாமி தரிசனம். ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டம் மிகப் பெரியது.

அந்தப் புனித நீராடும் கடலில் ஊரின் கழிவுநீர் கலக்கிறது என்பது பல ஆண்டுகளாகத் தொடரும் புகார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போன விவகாரம் இது. செய்திகளில் இது பெரும்பாலும் ‘பக்தர்கள் முகம் சுளிக்கிறார்கள்’ என்ற அளவில்தான் வரும். குளிப்பவர்களுக்குத் தோல் நோய், வயிற்றுப்போக்கு வரலாம் என்பதும் உண்மைதான். ஆனால் நாம் குளித்துவிட்டு அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவோம். அந்தத் தண்ணீரிலேயே வாழும் உயிர்களால் கிளம்ப முடியாது.

தீவைச் சுற்றி என்ன இருக்கு?

ராமேஸ்வரம் ஊர் இருப்பது பாம்பன் தீவில். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டிலும் பவளப்பாறைகள் உண்டு.

தெற்கே தூத்துக்குடி வரை நீளும் 21 சிறு தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் இது 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக விரிந்தது. இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் பதிவாகியுள்ளன. குருசடை, சிங்கிள் போன்ற தீவுகள் பாம்பனுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

வடக்கே கதை கொஞ்சம் வேறு. பாக் விரிகுடாவின் பவளப்பாறை தனித் தீவுகளைச் சுற்றி இல்லை. மண்டபம் பக்கத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டியே ஓடுகிறது. தண்ணீர் ஆழம் குறைவு, அலையும் குறைவு. குளிக்க வசதியான அந்த அமைதியான கடல்தான் பவளத்துக்குப் பிரச்னை. அலை அடிக்காத இடத்தில் அழுக்கு சீக்கிரம் கலைந்து போகாது.

கழிவுநீர் பவளத்தை எப்படிக் கொல்லுது?

பவளம் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் அது விலங்கு. பாலிப் எனப்படும் லட்சக்கணக்கான சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டிய காலனி. அவற்றின் உடலுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கும். அந்தப் பாசி வெயிலை வைத்து உணவு தயாரிக்கும், பவளம் அதில் பங்கு வாங்கிக்கொள்ளும். இதற்குத் தெளிந்த, சத்து குறைவான தண்ணீர் வேண்டும். கழிவுநீர் நேர் எதிரானது.

1. பாசி பெருகும்: கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதிகம். வயலுக்கு உரம் போட்ட மாதிரி கடலில் பாசிகள் வேகமாக வளரும். பாறை போன்ற பவளங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பாசிக்குச் சில வாரங்கள் போதும். இடத்துக்கான போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

2. வெளிச்சம் குறையும்: கலங்கலும் மிதக்கும் துகள்களும் சூரிய ஒளியைத் தடுக்கும். உள்ளே இருக்கும் பாசியால் சமைக்க முடியாது, பவளம் பட்டினி கிடக்கும்.

3. ஆக்சிஜன் தீரும்: பெருகிய பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்து அழுகும்போது தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் ‘நாக்டிலூகா’ என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது. சிங்கிள் தீவுப் பகுதியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போனது. வேகமாக வளரும் பவள வகைகள் இறந்தன. அதற்குச் சாக்கடைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஆக்சிஜன் தீர்ந்தால் பவளம் எவ்வளவு சீக்கிரம் செத்துப்போகும் என்பதை நம் கடலே காட்டிவிட்டது.

4. நோய் பரவும்: அமெரிக்காவின் புளோரிடா கடலில் மான்கொம்பு போல் கிளைவிடும் ஒரு பவள இனத்தை ‘வெள்ளை அம்மை’ என்ற நோய் அழித்தது. அதற்குக் காரணமான செராஷியா மார்செசன்ஸ் பாக்டீரியா மனிதக் கழிவிலிருந்து வந்தது என்று 2011-ல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். மனிதனிடமிருந்து ஒரு கடல் உயிருக்கு நோய் போகும் என்பதற்கு அது முக்கியமான ஆதாரம்.

இது ராமேஸ்வரத்தின் தனிக்கதை இல்லை. உலகப் பவளப்பாறைகளில் 58 சதவீதமும் கடற்புல் படுகைகளில் 88 சதவீதமும் மனிதக் கழிவுநீரிலிருந்து வரும் நைட்ரஜனுக்கு ஆளாகின்றன என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பவளம் சாவதற்குக் கடல் சூடாவதுதானே காரணம்?

ஆமாம், மிகப் பெரிய எதிரி அதுதான். கோடையில் கடல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் மன்னார் வளைகுடா பவளங்கள் உள்ளே இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2016 கோடையில் அப்படி நடந்ததில், உயிருள்ள பவளத்தின் பரப்பு 38.86 சதவீதத்திலிருந்து 22.69 சதவீதமாகச் சரிந்தது. 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது பவள வெளிறுதல் அறிவிக்கப்பட்டது.

அப்போ சாக்கடையைப் பற்றி ஏன் கவலைப்படணும்? வெளிறிய பவளம் உடனே சாவதில்லை. தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். காய்ச்சலில் விழுந்து எழுந்தவர் மாதிரிதான். அந்த நேரத்தில் சுற்றிலும் சுத்தமான தண்ணீர் இருந்தால் தேறிவிடும். கழிவுநீர் சூழ்ந்திருந்தால் இறந்த இடத்தையெல்லாம் பாசி பிடித்துக்கொள்ளும், புதிய பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்காது. நைட்ரஜன் அதிகமான தண்ணீரில் பவளம் குறைந்த வெப்பத்துக்கே வெளிறக்கூடும் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

கடல் சூட்டை ராமேஸ்வரம் நகராட்சியால் குறைக்க முடியாது. அது உலக நாடுகள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. சாக்கடையை நிறுத்துவது இங்கேயே, நம் கையிலேயே இருக்கும் வேலை.

எல்லா லாட்ஜிலும் செப்டிக் டேங்க் இருக்கே, போதாதா?

போதாது. செப்டிக் டேங்க் திடக்கழிவைத்தான் பிடித்து வைக்கும். மேலே நிற்கும் தண்ணீர் உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் இறங்கும். களிமண் ஊரில் அது மெதுவாகப் போகும். பாம்பன் தீவின் கரையோரம் மணல். நிலத்தடி நீரும் மேலேயே நிற்கும். கழிவில் இருக்கும் நைட்ரேட், நிலத்தடி நீரோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் கடலுக்கு நகரும். போகிற வழியில் ஊர்க் கிணறுகளையும் கெடுக்கும். ராமேஸ்வரத்தின் பெருமையே கடலுக்கு நடுவில் கிடைக்கும் அந்த நன்னீர்தான் என்பதை மறக்கக் கூடாது.

2015-ல் அப்துல் கலாம் மறைவுக்குப் பிறகு அவருடைய சொந்த ஊர் என்பதற்காக ராமேஸ்வரத்தை மத்திய அரசு அம்ருத் திட்டத்தில் சேர்த்தது. பாதாளச் சாக்கடைக்கு வழி பிறந்தது. ஆனால் குழாய் போடுவது பாதி வேலைதான். ஒவ்வொரு வீடும், லாட்ஜும், ஹோட்டலும் அதில் இணைய வேண்டும். பம்ப் நிற்காமல் ஓட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், யாருக்காகக் கணக்குப் போடுகிறோம் என்பது.

ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ராமேஸ்வரத்தில் 44,856 பேர். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசு அளவு. அதில் 80 சதவீதம் கழிவாகும் என்று வைத்தால் சுமார் 48 லட்சம் லிட்டர் கழிவுநீர் வரும். இப்போ ஓர் அமாவாசை நாளில் வெளியூர்க்காரர்கள் ஒரு லட்சம் பேர் வந்தார்கள், ஆளுக்கு வெறும் 50 லிட்டர் செலவழித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக 40 லட்சம் லிட்டர் கழிவுநீர். ஒரே நாளில் சுமை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ரேஷன் கார்டு கணக்கை வைத்து மட்டும் கட்டிய அமைப்பு அன்றைக்கு நிரம்பி வழியத்தான் செய்யும்.

இனி கூட்டம் கூடத்தான் போகிறது. 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் போக்குவரத்து, 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு மீண்டும் தொடங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்லுது?

தெளிவாகவே சொல்கிறது. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு, ஊர்களின் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடுவதைத் தடை செய்தது. ஏற்கனவே விட்டுக்கொண்டிருப்பவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்றது. அந்தக் கெடு 2013-லேயே முடிந்துவிட்டது.

பவளப்பாறைக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு உண்டு. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுப்பது அதற்குப் பிறகுதான் அடங்கியது. ஒரு துண்டு பவளத்தை உடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் வழக்கு வரும். அதே பவளத்தைச் சாக்கடை மெதுவாகச் சாகடித்தால் யார் மீது வழக்கு?

வேறு எங்காவது சரி செய்திருக்காங்களா?

இரண்டு உதாரணங்கள்.

பிலிப்பைன்ஸின் போராகாய் ஏறக்குறைய 10 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள சுற்றுலாத் தீவு. 2017-ல் 20 லட்சம் பேர் வந்தார்கள். ஹோட்டல்களின் கழிவு கடலுக்குப் போனது. தீவு ‘மலக்குழி’ ஆகிவிட்டது என்று அப்போதைய அதிபர் டுடெர்டே பகிரங்கமாகத் திட்டினார். 2018 ஏப்ரல் 26 முதல் ஆறு மாதம் தீவையே மூடினார்கள். திறந்தபோது, ஒரே நேரத்தில் தீவில் இருக்கக்கூடிய சுற்றுலாப் பயணிகள் 19,215 பேர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆனால் மூடிய ஆறு மாதமும் ஹோட்டல் ஊழியர்களும் படகுக்காரர்களும் வருமானமில்லாமல் தவித்தார்கள். தாமதமாக விழித்துக்கொண்டதற்கான விலை அது.

இன்னொன்று ஹவாயின் கனியோஹே விரிகுடா. அங்கே பல ஆண்டுகள் கழிவுநீர் விட்டதில், பச்சைப் பாசி பவளத்தை மூடியது. 1977-78-ல் கழிவுநீர்க் குழாயை ஆழ்கடலுக்குத் திருப்பினார்கள். பாசி குறைந்தது, 1970-களின் தொடக்கத்தில் 12 சதவீதமாக இருந்த பவளப் பரப்பு 1983-ல் 26 சதவீதமானது. அதன் பிறகு மீட்சியின் வேகம் குறைந்தது உண்மை. ஆனாலும், சாக்கடையை நிறுத்தினால் பவளம் திரும்பி வரும் என்பதற்கு அது சாட்சி.

பவளம் போனா யாருக்கு நஷ்டம்?

முதலில் கடலோர மக்களுக்கு. பவளப்பாறை மீன்குஞ்சுகள் வளரும் இடம். அது அழிந்தால் கரைக்குப் பக்கத்தில் சின்னப் படகில் மீன்பிடிப்பவருக்கு வலை காலியாகும். பாம்பன் பகுதிப் பெண்கள் பலர் கடலில் மூழ்கிக் கையால் பாசி சேகரித்துப் பிழைக்கிறார்கள். மணிக்கணக்கில் அந்தத் தண்ணீரில் இருப்பது அவர்கள் உடம்புதான்.

அடுத்து, நிலத்துக்கு. பவளப்பாறைகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் கரைக்கு வருமுன்பே குறைத்துவிடும் என்கிறது 2014-ல் வெளியான ஓர் ஆய்வு. பவளத்தை வெட்டி எடுத்ததால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு ஏற்கனவே கடலுக்குள் போய்விட்டன.

என்ன செய்யலாம்?

* பாதாளச் சாக்கடையையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் அமாவாசைக் கூட்டத்தை வைத்துத் திட்டமிட வேண்டும். திருவிழா நாட்களில் தற்காலிகக் கழிப்பறைகளின் கழிவை லாரியில் எடுத்துப் போவதும் அந்தத் திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

* சாதாரணச் சுத்திகரிப்பு நைட்ரஜனை முழுதாக நீக்காது. சுத்திகரித்த தண்ணீரையும் கடலில் விடாமல் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் திருப்பிப் பயன்படுத்துவதே தீவுக்குப் பாதுகாப்பு.

* இணைப்பு வாங்காத லாட்ஜுகளுக்கு உரிமத்தைப் புதுப்பிக்கக் கூடாது.

* கடல் குளியலுக்கான தர அளவு, 100 மில்லிலிட்டரில் மலக்கிருமி 100-க்குள் இருக்க வேண்டும் என்பது. அக்னி தீர்த்தத்தின் அளவை வாரா வாரம் கரையிலேயே பலகையில் எழுதிப் போடலாம். குளிப்பவருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கு.

நம் பங்கும் உண்டு. கடலில் சோப்பு, ஷாம்பூ வேண்டாம். உடுத்திய துணியை விட்டுவிட்டு வர வேண்டாம். ரூம் புக் பண்ணும்போது ஏசி இருக்கா, வைஃபை இருக்கா என்று கேட்கிறோம். உங்க கழிவுநீர் எங்கே போகுதுன்னும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் கேட்க ஆரம்பித்தால் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும்.

அடி அண்ணாமலைப் பாதையில் வரிசையில் நிற்கும் நமக்கும் இதே கேள்வி பொருந்தும். பக்தர்களை நம்பி வாழும் ஒவ்வொரு ஊரும் உண்டியலை எண்ணுகிறது, சிறப்பு பஸ்களை எண்ணுகிறது. வந்தவர்கள் விட்டுச்செல்லும் கழிவையும் எண்ணித் திட்டம் போட்டாகணும். ராமேஸ்வரத்தில் அதைத் தள்ளிப்போட நேரம் குறைவு. அடுத்த கோடையில் கடல் மறுபடி சூடாகும்போது, வெளிறிய பவளம் தேறுமா, பாசி மூடுமா என்பதை அந்தக் கரைத் தண்ணீரின் சுத்தமும் தீர்மானிக்கும்.