நெஞ்சுக்கு நேரே ஒரு மூங்கில்

"சிறுசுதானுங்க அம்மிணி, நாலு பேரு புடிச்சுத் தூக்கி வெச்சா ஆச்சு" என்றார் ‘சின்ன யானை’ மினி லாரி ஓட்டிவந்த அண்ணன். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தை. விடியற்காலை நாலு மணி. நான் வாங்கியிருந்தது மூன்றேகால் அடி உயர மட்டக்குதிரை. அதன் முதுகு என் இடுப்பு மட்டத்துக்குத்தான் வரும்.

அந்தப் பேச்சை நம்பி ஒருமுறை பட்டிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இதே சந்தையிலிருந்து இதைப் போலவே ஒரு சிறுசை ஏற்றிக்கொண்டு போனோம். வண்டியில் ஏற்கெனவே கட்டியிருந்த குறுக்கு மூங்கில் பெரிய குதிரைக்குப் போட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. பெருந்துறை தாண்டி ஒரு பிரேக். குதிரை சறுக்கி மூங்கிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம், கயிற்றில் இழுபடும் தலை மறுபக்கம். முடிச்சு இறுகி இரும்பாகிவிட்டது. எங்களிடம் ஒரு கத்தி கூட இல்லை. சாலையோரம் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவர் ஓடிவந்து அரிவாளால் கயிற்றை அறுத்தார். உயிர் தப்பியது. தோல் உரிந்த முன்னங்கால் முட்டிகளில் இன்றைக்கும் மயிர் வெள்ளையாகத்தான் முளைக்கிறது.

சின்னக் குதிரையை ஏற்றிப் போவதுதான் கடினம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சாமான் எல்லாமே பெரியதை மனதில் வைத்துச் செய்திருப்பார்கள். இங்கிலாந்தில் இரண்டு குதிரை நிற்கிற டிரெய்லரிலும் இதே சங்கடம் உண்டு. முன்னால் நெஞ்சைத் தாங்கும் கட்டை, பின்னால் பிட்டத்தைத் தாங்கும் கட்டை. இரண்டையும் இறக்கிப் பொருத்தாமல் விட்டால் குட்டைக் குதிரை அடியில் நுழைந்துவிடும், உள்ளேயே திரும்பியும் நின்றுவிடும்.

நம் நாட்டில் 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. லாரியில் குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 செ.மீ. பருமனுள்ள மூங்கில், வழுக்காத தளம், எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி இடப்பக்கம் திரும்பிய தலை, மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம். எல்லாம் யோசித்து எழுதியவைதான். ஆனால் மூங்கிலின் உயரத்தை அந்தந்தக் குதிரையைப் பக்கத்தில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும்.

அதனால் இந்த முறை அவசரப்படவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு மண்மேட்டில் அணைத்தோம். தளத்தில் தேங்காய்நார் விரிப்பு, மேலே வைக்கோல். கொள்ளுப் பையைக் காட்டியதும் அதுவே நடந்து ஏறியது. நெஞ்சுக்கு நேரே ஒரு மூங்கில், பின்னால் தொடை மட்டத்தில் ஒன்று. பின் மூங்கிலைக் கட்டிய பிறகுதான் தலைக்கயிற்றைக் கட்டினேன். இந்த வரிசை மாறவே கூடாது. பின்னால் தடுப்பில்லாமல் தலையைக் கட்டினால் அது பின்வாங்கும், கயிறு இழுக்கும், மிரண்டு துள்ளும். இறக்கும்போது தலைகீழ்: முதலில் கயிறு, அப்புறம்தான் பின்கதவு. கயிறும் கடிவாளத்தில் கட்டுவதல்ல. முகப்பட்டையில், நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சாக. அரிவாள் ஒன்று என் காலடியிலேயே கிடந்தது.

வண்டிக்கார அண்ணன் இரண்டு பக்கமும் சாக்கு மூட்டைகளை அடைக்கப் பார்த்தார், ஆடாமல் நிற்கட்டுமென்று. பிரியமாகத்தான் செய்தார். வேண்டாமென்றேன். குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் அது காலை அகட்டி ஊன்றித்தான் சமாளிக்கிறது. அந்த இடத்தை அடைத்தால் விழத்தான் செய்யும். நின்றுகொண்டு வரும் ஒருவரை ஏற்றியிருப்பதாக நினைத்து ஓட்டுங்கள் அண்ணா என்றேன். அதற்குப் பிறகு அவர் ஓட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

காங்கேயத்தில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திக் கயிற்றைத் தளர்த்தினேன். தலையைத் தளம் வரைக்கும் தொங்கப் போட்டுப் பெரிதாகச் செருமியது. தூசியும் சளியும் ஒரு நூலாக இறங்கின. இதற்காகத்தான் நிறுத்துவது. குதிரையால் வாயால் மூச்சுவிட முடியாது. தலையை மணிக்கணக்கில் உயர்த்தியே கட்டிவைத்தால் உள்ளே போன தூசி வெளியே வர வழியின்றி நுரையீரலில் தங்கும், சளிக்காய்ச்சலாகும். தூரப் பயணம் போன குதிரை இரண்டொரு நாள் கழித்துத் தீனி எடுக்காமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது காய்ச்சலைத்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்தை அடையும்போது வெயில் ஏறிவிட்டது. கயிற்றை அவிழ்த்து, கதவைத் திறந்து, பின் மூங்கிலை எடுத்து, மெல்லப் பின்னாலேயே நடத்தி வரப்பில் இறக்கினேன். தொட்டித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. புது ஊர்த் தண்ணீரைக் குதிரை சட்டென்று குடிக்காது. அந்தியூரில் நிரப்பிவந்த குடத்தைச் சாய்த்தேன். காதுகள் முன்னும் பின்னும் ஆட ஆட, பாதிக் குடம் குடித்தது.