எண்டர் தட்டினால் என்ன நடக்க வேண்டும்?

கணினிப் படிவத்தில் பெயரை அடித்துவிட்டு எண்டர் விசையைத் தட்டினால் என்ன நடக்க வேண்டும்? அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமா, அல்லது படிவம் அப்படியே சேமிக்கப்பட்டு மூடிக்கொள்ள வேண்டுமா? "இதுவும் ஒரு கட்டுரைக்கு விஷயமா சார்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். விஷயம்தான் என்பது என் கட்சி. மென்பொருள் எழுதும் பிள்ளைகள் விசைப்பலகையைப் பற்றி எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள், நம் ஊர்ப் பெரியவர்களின் பெயர் ஆவணத்தில் ஒழுங்காக ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உடையார்பாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி இரண்டு பஸ் மாறி ஓர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கணினி முன் இருந்த பெண் பாட்டியின் பெயரை அடித்து, பழக்கத்தில் எண்டர் தட்டினார். கணவர் பெயர், ஊர் எல்லாம் காலியாக இருக்க, படிவம் சேமித்துக்கொண்டு மறைந்துவிட்டது. "திருத்த மனு கொடுக்கணும் பாட்டி, அடுத்த வாரம் வாங்க" என்றார் அந்தப் பெண். அவர்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் விரல் செய்தது சரியான வேலை. முந்திரி பொறுக்கும் பருவத்தில் பாட்டிக்குப் போனது ஒரு நாள் கூலி. திரும்ப வரும் நாளுக்கு இன்னொன்று.

விரலின் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். என் தலைமுறை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'ய ள ன க ப' என்று தட்டிப் பழகிய தலைமுறை. தமிழ் டைப்ரைட்டரில் புள்ளிக்கு உருளை நகராது. முதலில் புள்ளியைத் தட்டி, அதன்மேல் 'க'வைத் தட்டினால் 'க்' வரும். கொம்பையும் எழுத்துக்கு முன்னால்தான் அடிப்போம். வரி முடிந்தால் கைப்பிடியைத் தள்ளி அடுத்த வரி. அந்த யந்திரத்துக்குச் சொந்த அபிப்பிராயம் கிடையாது. தட்டியதை அடித்தது, அவ்வளவுதான்.

பிறகு கணினி வந்தது. டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் படிவங்களில் எண்டர் என்றால் 'அடுத்த கட்டம்'. கடைகளில் கணக்கெழுதுபவர்கள் பழகிய டேலியிலும் அப்படியே. இதற்கு நியாயமும் உண்டு. எண்களை அடிப்பவரின் வலது கை, விசைப்பலகையின் வலதுகோடியில் உள்ள எண் விசைகளின்மேல் இருக்கும். அங்கேயே ஓர் எண்டர் விசை இருக்கிறது. டேப் விசையோ இடதுகோடியில். ஒரு நாளைக்கு ஐந்நூறு பதிவு போடுகிறவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் இடதுகோடிக்குப் போய் வந்தால் சாயங்காலம் தோள்பட்டை என்ன ஆகும்?

விண்டோஸ் வந்ததும் விதி மாறிவிட்டது. அதன் வழக்கப்படி டேப்தான் அடுத்த கட்டம். எண்டர் என்றால் படிவத்தில் 'இதுதான் முதன்மை' என்று குறித்து வைத்த பொத்தான் அழுத்தப்பட்டதாகப் பொருள். பெரும்பாலும் அது 'சேமி' பொத்தானாக இருக்கும். 1987-இல் ஐபிஎம் வெளியிட்ட ஒரு பொது விதித்தொகுப்பின் வழியில் வந்த பழக்கம் இது. அலுவலக மேசையில் நிதானமாக நாலு கேள்விக்குப் பதில் சொல்லும் படிவத்துக்கு இது பொருந்தும். வரிசையில் நாற்பது பேர் நிற்கும் இடத்துக்குப் பொருந்தாது.

இதை மாற்றுவது பெரிய வித்தையா? இல்லை. ஒரு விசையைத் தட்டும்போது உள்ளே மூன்று செய்திகள் பிறக்கின்றன. 'இந்த விசை கீழே போனது' என்பது முதல் செய்தி. 'அதனால் இந்த எழுத்து பிறந்தது' என்பது இரண்டாவது. 'விசை மேலே வந்தது' என்பது மூன்றாவது. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6 என்ற மொழியில் இவற்றுக்குக் கீடவுன், கீபிரஸ், கீஅப் என்று பெயர். இதோடு கீபிரிவியூ என்று ஒரு வசதியும் உண்டு. அதை இயக்கிவிட்டால், கட்டத்துக்குப் போக வேண்டிய செய்தியை முதலில் படிவம் பார்க்கும்.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். உள்வரும் தபாலை நேரே பிரிவு எழுத்தரிடம் கொடுக்காமல், முதலில் தலைமை எழுத்தர் மேசையில் பிரித்துப் பார்ப்பார்கள் அல்லவா? அதே ஏற்பாடுதான். தலைமை எழுத்தர் எண்டரைப் பார்த்ததும் 'இது அடுத்த கட்டத்துக்கு' என்று குறித்து அனுப்பிவிடலாம். சில வரி வேலை. முகவரிக் கட்டத்தில் மட்டும் எண்டரை அப்படியே விட்டுவிட வேண்டும். அங்கே அது அடுத்த வரி.

ஆனால் தலைமை எழுத்தருக்கு அதிகாரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். தபாலைத் திருப்பி அனுப்ப ஆரம்பிப்பார். படிவங்களிலும் அதுவே நடக்கிறது.

எங்கள் தெருவில் பொறியியல் முடித்த தம்பி ஒருவர், ஒரு சிறு சங்கத்துக்கு உறுப்பினர் படிவம் எழுதினார். "தாத்தா, நீங்க டைப்பிஸ்ட்டா இருந்தவர்தானே, ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்" என்று கூப்பிட்டார். ஊர் என்ற கட்டத்தில் 'பெரம்பலூர்' என்று அடித்தேன். 'பரமபலர' என்று வந்தது. 'அரியலூர்' அடித்தேன். 'அரயலர' என்றது.

காரணம் தேடினோம். பெயரிலும் ஊரிலும் எண்களோ குறிகளோ வந்துவிடக் கூடாது என்று, எழுத்து பிறக்கும் அந்த இரண்டாம் செய்தியில் ஒரு காவல் போட்டிருந்தார். 'வருவது எழுத்தா? இல்லையென்றால் தள்ளு.' ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழில் புள்ளியும், கொம்பும், ி, ூ முதலிய குறிகளும் யூனிகோடில் 'எழுத்து' என்ற வகையில் இல்லை, 'ஒட்டுக்குறி' என்ற வகையில் இருக்கின்றன. அவர் பயன்படுத்திய சோதனை, 'ர' எழுத்துதான் என்று உள்ளே விட்டது. அதன் தலையில் இருந்த புள்ளியை வாசலிலேயே நிறுத்திவிட்டது. தொல்காப்பியர் வந்து சொன்னாலும் அந்த வாசற்காவலன் கேட்க மாட்டான்.

இந்தத் தொல்லை யூனிகோடுக்கு முன்பும் உண்டு. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில அரைப்புள்ளியின் இடத்தில்தான் நம் புள்ளி உட்கார்ந்திருந்தது. 'குறிகளுக்கு இடமில்லை' என்று சொன்ன படிவம் புள்ளியைத் தின்றுவிடும். காலம் மாறியது, புள்ளியின் கஷ்டம் மாறவில்லை.

அடுத்தது அளவு. 'கங்கைகொண்டசோழபுரம்' என்ற பெயரில் நம் கணக்குக்கு 11 எழுத்து. பள்ளிப் பிள்ளையும் அப்படித்தான் எண்ணும். கணினியோ ஒட்டுக்குறிகளைத் தனித்தனியாக எண்ணி 18 என்கிறது. 'ஊர்ப்பெயருக்கு 15 போதும்' என்று யாரோ எங்கோ முடிவு செய்தால், ராஜேந்திர சோழனின் தலைநகர் 'கங்கைகொண்டசோழபு' என்று நின்றுவிடும். அதற்குமேல் விசை வேலை செய்யாது. அடிப்பவர் கீபோர்டுதான் பழுது என்று நினைத்து அதைத் தட்டிப் பார்ப்பார். சில படிவங்கள் கட்டம் நிரம்பியதும் தானே அடுத்த கட்டத்துக்குத் தாவும். மிச்சமுள்ள 'ரம்' தாலுகா கட்டத்தில் போய் விழும்.

மூன்றாவது பேக்ஸ்பேஸ். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்டது தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு. 'க'வை இருமுறை தட்டினால் தானே 'க்க' ஆகிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் நடைமுறையில் பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பவர்கள் உண்டு, ஆங்கில ஒலிப்பு முறையில் அடிப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே அழகி, இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற செயலிகள் வந்தன.

ஒலிப்பு முறையில் ஆங்கில 'கே'யைத் தட்டியதும் 'க்' வரும். அடுத்து 'ஏ'வைத் தட்டினால் அந்தப் புள்ளி மறைந்து 'க' ஆக வேண்டும். இப்படிப்பட்ட செயலிகள் பல, திரைக்குப் பின்னால் ஒரு பேக்ஸ்பேஸை அனுப்பித்தான் அந்தப் புள்ளியை நீக்குகின்றன. 'எழுத்து மட்டும்' என்று காவல் போட்ட படிவம் அந்தப் பேக்ஸ்பேஸையும் 'இது எழுத்தில்லை' என்று தள்ளிவிடும். மூன்று வழியிலும் அடிபடுவது ஒரே ஆள்தான், வரிசையில் நிற்கிற பெரியவர்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். "தடுக்காவிட்டால் கைபேசி எண் கட்டத்தில் பெயரை அடிக்கிறார்கள், பெயர் கட்டத்தில் எண்ணை அடிக்கிறார்கள். குப்பை சேர்கிறது" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். உண்மை. ஆனால் விசைக்கு விசை காவல் போட்டாலும் குப்பை நிற்காது. வேறிடத்திலிருந்து நகலெடுத்துச் சுட்டியால் ஒட்டினால் அந்தக் காவலைத் தாண்டி உள்ளே வந்துவிடும். எழுதி முடித்துக் கட்டத்தை விட்டு நகரும்போது மொத்தமாகப் பார்த்து, தவறிருந்தால் 'கைபேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும்' என்று தமிழில் ஒரு வரி சொல்வதே முறை. பள்ளிக்கூடத்தில் பையன் ஒவ்வோர் எழுத்தை எழுதும்போதும் கையைப் பிடிக்கிற வாத்தியாரிடம் யார் படிப்பார்கள்? எழுதி முடிக்கட்டும், பிறகு திருத்துங்கள்.

எண்டரை மாற்றச் சொல்வதற்கும் ஒரு மறுப்பு உண்டு. கண் தெரியாதவர்கள் திரைவாசிப்பான் துணையோடு கணினி இயக்குகிறார்கள். அவர்களுக்கு டேப், எண்டர் எல்லாம் எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரி இருப்பது பெரிய உதவி. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆகவே டேப்பின் வேலையைத் தொடாதீர்கள். எண்டரும் அடுத்த கட்டத்துக்குப் போகட்டும் என்பதைப் படிவத்தின் முகப்பிலேயே எழுதி வையுங்கள், வேண்டாதவர் நிறுத்திக்கொள்ள ஒரு வசதியும் கொடுங்கள். சேமிப்பதற்கு வேறொரு விசை இருக்கட்டும். காலிக் கட்டம் இருந்தால் சேமிக்கும் முன் ஒருமுறை கேட்கட்டும்.

நம் பகுதிக்கு இதில் தனிச் சங்கடம் ஒன்றும் உண்டு. ஜெயங்கொண்டத்தில் பிறந்து வளர்ந்து, வீட்டை விட்டு நகராத ஒருவர் 1995 வரை திருச்சி மாவட்டத்துக்காரர். பிறகு பெரம்பலூர். 2001-இல் அரியலூர். 2002-இல் மறுபடியும் பெரம்பலூர். 2007 நவம்பரிலிருந்து மீண்டும் அரியலூர். அவர் பிறந்த சான்றிதழ், படித்த சான்றிதழ், நிலப் பத்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு மாவட்டம் இருக்கலாம். 'பட்டியலில் உள்ளதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒன்றும் அடிக்கக் கூடாது' என்று விசையை மொத்தமாகப் பூட்டிய படிவத்தில் அவர் வாழ்க்கை அடங்காது. பட்டியல் வேண்டும், பக்கத்தில் அடித்துக்கொள்ள ஒரு கட்டமும் வேண்டும்.

இந்த ஊர்களில் இப்போது பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அங்கே படிக்கும் பேரன் பேத்திகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "கண்ணு, நீ எழுதுற படிவத்துல முதல்ல நம்ம ஊர்ப் பேரைத் தமிழ்ல அடிச்சுப் பாரு. தமிழ்99-ல ஒரு தடவை, ஒலிப்பு முறையில ஒரு தடவை, ஒட்டிப் பார்த்து ஒரு தடவை. மூணும் ஒழுங்கா வந்தாத்தான் அடுத்தவங்க கையில குடு." பத்து நிமிஷம் பிடிக்காத சோதனை.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கணினியில் நம் விவரம் ஏறும்போது கவுண்டருக்கு வெளியே கூச்சப்பட்டு நிற்காதீர்கள். "திரையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கம்மா, ஒருமுறை படிச்சுப் பார்த்துக்கறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், பிறந்த தேதி இந்த நான்கையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் அதனதன் தலையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு 'சரி, சேமிங்க' என்று சொல்லுங்கள்.