விஷம் ஊறிய மண்

அமெரிக்காவின் சியாட்டல் நகரில் 1906 முதல் 1956 வரை ஒரு வாயு ஆலை நடந்தது. ஆலை மூடப்பட்டதும் தாரும் எண்ணெயும் ஊறிய மண்தான் ஊராருக்கு மிஞ்சியது. அங்கே பூங்கா அமைத்த ரிச்சர்ட் ஹாக் அம்மண்ணில் சாக்கடைக் கசடையும் மரத்தூளையும் கலந்து உழச் செய்தார். எண்ணெயைத் தின்னும் நுண்கிருமிகள் மண்ணிலேயே உண்டு; தீனியும் காற்றும் கிடைத்தால் அவை பெருகி வேலையைச் செய்யும். 1975-இல் பூங்கா திறக்கப்பட்டது. ஆயினும் 1984-இல் விஷம் மிச்சமிருப்பது தெரிந்து, சில காலம் மூடிப் புது மண் போட நேர்ந்தது.

இது நமக்கெதற்கு என்று கேட்கும் தோழர்களுக்குச் சொல்கிறோம். நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் லாலானை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். அது பாஷாணம். எண்ணெயைச் சிதைக்கும் கிருமியால் பாஷாணத்தை இல்லாமல் ஆக்க முடியாது. ஒருவகைப் பெரணிச் செடி அதை இலைக்கு இழுத்துக்கொள்வதாக 2001-இல் புளோரிடா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த இலையையும் அறுத்துப் பத்திரமாக ஒழிக்க வேண்டுமே!

தோட்டம் வீடமைப்பு நிலமாகும்போது, மருந்து ஸ்டோர் இருந்த இடத்தைச் சோதித்தவர் யார்? விற்றவர் பணத்தோடு போய்விடுவார். அங்கே கீரைப் பாத்தி போடுவது நம் குடும்பங்கள். கைமாறுமுன் மண் சோதனை நடக்க வேண்டும். செலவு விற்பவர் கணக்கில் ஏற வேண்டும். மருந்து கலக்கிய இடங்கள் கிராணிமாருக்கும் மூத்த தொழிலாளருக்கும் தெரியும். அவற்றை எழுதிக் கிளைச் செயலாளரிடம் இப்போதே கொடுங்கள்.