திருத்த வழியில்லாத சாசனம்

அமெரிக்க மாநிலங்களில் பரப்பளவில் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். மதக் கருத்துகளுக்காக மாசசூசெட்ஸிலிருந்து விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ், நாரகான்செட் பழங்குடித் தலைவர்களிடம் நிலம் பெற்று 1636-இல் அங்கே பிராவிடன்ஸ் நகரை நிறுவினார். 1663-இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் அளித்த சாசனம், மத நம்பிக்கையின் பெயரால் எவரையும் தண்டிக்கலாகாது என்றது. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அண்டை மாசசூசெட்ஸில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் தூக்கிலிட்டிருந்தார்கள். அந்தச் சாசனத்தைக் கொண்டாடுவது நியாயமே. ஆனால், அது பின்னாளில் என்னவானது என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. எவ்வளவு நல்ல சட்டமும், தன்னைத் திருத்திக்கொள்ள வழி வைக்காவிட்டால் மக்களின் காலில் விலங்காகிவிடும்.

நாடு விடுதலை பெற்று அரை நூற்றாண்டு கடந்த பிறகும் ரோட் ஐலண்டை ஆண்டது அந்த மன்னர் காலத்துச் சாசனமே. அதில் திருத்த விதி கிடையாது. நூற்பாலைகள் பெருகி பிராவிடன்ஸ் வளர்ந்துவிட்டது. மாநிலப் பேரவையிலோ நியூபோர்ட் நகருக்கு 6 இடம், பிராவிடன்ஸுக்கு 4 இடம் என்ற பழைய கணக்கே நீடித்தது. 134 டாலர் மதிப்புள்ள நிலம் வைத்திருந்தவருக்கும் அவருடைய மூத்த மகனுக்கும்தான் வாக்கு. ஆலைத் தொழிலாளிக்கு ஏது நிலம்? 1841-இல் வழக்கறிஞர் தாமஸ் வில்சன் டோர் தலைமையில் மக்களே மாநாடு கூட்டிப் புதிய அரசியலமைப்பை எழுதினார்கள். பழைய அரசு அதை ஏற்கவில்லை. 1842 மே 18 அதிகாலை, டோரின் ஆட்கள் பிராவிடன்ஸ் ஆயுதக் கிடங்கின் முன் பீரங்கிகளை நிறுத்திப் பற்றவைத்தனர். மருந்து பொறிந்ததோடு சரி, குண்டு பாயவில்லை. 1844-இல் டோருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டே விடுதலையானார்.

ஆயுதம் ஏந்தியது தவறில்லையா என்று கேட்கலாம். தவறுதான். ஆனால், மனு மேல் மனுவாகப் போட்டும் அசையாத பேரவைக்கும் அந்தத் தவறில் பங்குண்டு. டோர் தரப்பின் அரசியலமைப்பு வெள்ளையருக்கு மட்டுமே வாக்குரிமை அளித்தது என்பது அதைவிடக் கனமான குற்றச்சாட்டு. அடிமைமுறை எதிர்ப்பாளர் பிரெடரிக் டக்ளஸ் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தது முற்றிலும் சரி. கிளர்ச்சிக்குப் பின் 1843-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்தது. ஆனால், வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர்களுக்கு நில நிபந்தனையை விட்டுவைத்தது. அதை நீக்க 1888 வரை ஆனது. இந்த மூன்று ஆவணங்களிலும் யாரோ சிலர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் உள்ளே வரச் சட்டத்திலேயே வழி இருந்தால், பீரங்கியைத் தேடிப் போக வேண்டியிருக்காது.