இல்லப் பக்கம்: சுவருக்கேற்ற பளபளப்பு

திருவருகைக் காலம் நெருங்கியதும் நம் இல்லங்களில் எழும் முதற் பேச்சுகளுள் ஒன்று, வீட்டுக்கு வர்ணம் பூசுவதைப் பற்றியதாகும். குடில் அமைக்குமுன் சுவர்கள் புதுப்பொலிவு பெறவேண்டும் என்பதும், விழாவுக்கு வரும் உற்றார் கண்ணுக்கு வீடு அழகாகத் தோன்றவேண்டும் என்பதும் இயல்பான ஆசைகளே. ஆனால், எந்த நிறம் என்பதைப் பற்றி நாள் முழுதும் பேசும் குடும்பங்கள், அந்நிறம் எவ்வளவு பளபளப்புடன் அமையவேண்டும் என்பதை மட்டும் கடைக்காரரிடமே விட்டுவிடுகின்றன. செலவு முடிந்தபின் பலர் வருந்துவது இதனாலேயே. எனவே, இத்திங்கள் இதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

பளபளப்பு எவ்வாறு உண்டாகிறது? வர்ணத்தில் நிறம் தரும் பொடியும், அப்பொடியைச் சுவரோடு பிணைக்கும் பசைப்பொருளும் உள்ளன. பசைப்பொருள் மிகுந்திருந்தால், காய்ந்த மேற்பரப்பு வழவழப்பாகி, ஒளியைக் கண்ணாடி போல ஒரே திசையில் திருப்பி அனுப்புகிறது. பொடி மிகுந்திருந்தாலோ, மேற்பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களுடன் அமைந்து, ஒளியை நாற்புறமும் சிதறச் செய்கிறது. சுவர் மங்கலாகத் தோன்றுகிறது. 60 பாகைக் கோணத்தில் ஒளியைச் செலுத்தி இதனை அளக்கிறார்கள். அளவு 5க்குள் இருந்தால் அது மேட் எனப்படும் மங்கல் பூச்சு. 20 முதல் 35 வரை சாட்டின்; 35 முதல் 70 வரை அரைப் பளபளப்பு; 70க்கு மேற்பட்டது முழுப் பளபளப்பு. எனினும், நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்கள் மாறுபடும். டப்பாவில் உள்ள பெயரை மட்டும் நம்பாது, மாதிரி பூசிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே நலம்.

நம் பாட்டனார் காலத்தில் இத்தகைய தேர்வு இருந்ததில்லை. சுண்ணாம்பு என்றுமே மங்கலானது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கலந்து மீண்டும் கல்லாக இறுகும்; சுவரின் ஈரம் வெளியேறவும் வழிவிடும். பின்னர் டிஸ்டெம்பரும், எமல்ஷனும், எனாமலும் இல்லங்களுக்குள் வந்தன. அவற்றோடு, பளபளக்கும் சுவரே செல்வத்தின் அடையாளம் என்னும் எண்ணமும் வந்து சேர்ந்தது. இவ்வெண்ணம் தவறானது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு தன்மை பொருந்தும்.

மேல்தளத்துக்கு எப்போதும் மங்கல் பூச்சே ஏற்றது. பளபளப்பானால் விளக்கொளி அங்கே பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். முதியோர் படுக்கும் அறையின் சுவர்களுக்கும் அதுவே நல்லது. கண்புரை உள்ளவர்களுக்குப் பளபளப்பான சுவரின் எதிரொளி பெருந்தொல்லை தரும். பிள்ளைகள் கைவைத்து நடக்கும் கூடத்துக்கும் நடைவழிக்கும் சாட்டின் அல்லது மென்பளபளப்பு எமல்ஷன் பொருந்தும், ஈரத்துணியால் துடைக்கலாம். திரு இருதய ஆண்டவர் படத்தின் முன் நாள்தோறும் விளக்கோ மெழுகுதிரியோ ஏற்றும் இல்லங்களில், பீடத்தின் பின்புறச் சுவரில் கரி படிவது இயல்பு. அங்கே மங்கல் பூச்சு இருப்பின், துடைக்கத் துடைக்கக் கறை பரவுமேயன்றி நீங்காது. அச்சுவர் முழுமைக்கும் சாட்டின் பூசுவதே தக்கது. அடுப்பங்கரையிலும் குளியலறையின் மேற்சுவரிலும் அரைப் பளபளப்பும், கதவு, நிலை, சன்னல்களில் எனாமலும் நெடுநாள் உழைக்கும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. பளபளப்பு சுவரின் குறைகளை மறைக்காது; எடுத்துக் காட்டும். கொத்தனாரின் கரண்டித் தடமும், பட்டி வைத்த இடமும், வெடிப்பை அடைத்த கோடும் பகலில் தெரியாவிடினும் விளக்கொளியில் தெரியும். ஆகவே வாங்குமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுக. மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரியுமானால், பட்டியிட்டு உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தவேண்டும். அதற்குப் பொருள் இல்லையெனில் மங்கல் பூச்சையே தேர்ந்துகொள்க. குறைந்த செலவில் நிறைந்த அழகு தருவது அதுவே.

பொருத்தம் பார்ப்பதிலும் கவனம் தேவை. ஒரே நிறமாயினும், பளபளப்பான பரப்பில் சற்று அழுத்தமாகவும், மங்கலான பரப்பில் சற்று வெளிறியும் தோன்றும். சுவருக்கும் கதவுக்கும் ஒரே நிறம் விரும்புவோர், இரண்டிலும் ஓரடிச் சதுரம் பூசி, காலை வெயிலிலும் இரவு விளக்கிலும் பார்த்தபின் முடிவு செய்க. ஒரே அறைக்கு இரண்டு மூன்று டப்பாக்கள் தேவைப்பட்டால், அவற்றை ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்வது முறை. இன்றேல் ஒரு சுவருக்கும் மறு சுவருக்கும் வேற்றுமை தெரியக்கூடும். பட்டியிட்ட இடத்தில் பிரைமர் பூசாமல் விட்டால், அவ்விடம் பசைப்பொருளை உறிஞ்சித் திட்டுத் திட்டாக மங்கித் தெரியும். பின்னாளில் ஓரிடத்தில் மட்டும் பழுது பார்ப்பது மங்கல் சுவரில் எளிது. பளபளப்பான சுவரிலோ ஒட்டுப்போட்ட துணி போலத் தெரியும். அங்கே மூலையிலிருந்து மூலைவரை முழுச்சுவரையும் பூசுவதே வழி. பழைய எனாமல் மீது வேறு பூச்சு பூசுமுன் உப்புத்தாளால் தேய்த்து அதன் மெருகைப் போக்கவேண்டும். இல்லையேல் புதுப்பூச்சு பற்றாது உரிந்துவிடும்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான செய்திக்கு வருவோம். நம் நாட்டின் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆகவே, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென நாம் வர்ணம் பூசும் நாள்களே சுவர்கள் மிகுதியாக ஈரம் கொண்டிருக்கும் நாள்கள். ஓதம் ஏறிய சுவரில் பளபளப்பான பூச்சைப் பூசினால், ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளித்துப் பொறுக்குப் பொறுக்காக உதிரும். கடன் வாங்கிப் பூசிய பூச்சு, கடன் தீருமுன் உதிர்வதை எத்தனையோ குடும்பங்களில் காண்கிறோம். ஐயமிருப்பின், ஒரு முழச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் காற்றுப் புகாது ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி படிந்திருந்தால் அச்சுவர் வர்ணத்துக்கு ஆயத்தமாகவில்லை.

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் பூசணம் கண்டால் என்ன செய்யவேண்டும் என்ற ஒழுங்குமுறை உள்ளது. குரு வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் பூட்டிவைத்து, மீண்டும் வந்து பார்ப்பார். அது பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்தெறிந்து, உட்சுவரைச் சுரண்டி, புதுக் கல்லும் புதுச் சாந்தும் வைக்கச் செய்வார். மூடி மறைத்தல் அங்கே கூறப்படவில்லை. பார்த்தல், காத்திருத்தல், காரணத்தைக் களைதல் என்பதே அம்முறை. நீர் கசியும் குழாயையோ வெடித்த தளத்தையோ சரிசெய்யாது மேலே வர்ணம் பூசுவது, வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றிய ஆண்டவரின் கண்டிப்பையே நமக்கு நினைவூட்டவேண்டும்.

பழைய கதவு, சன்னல்களைத் தேய்க்கும்போது மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. முற்காலத்து எனாமல்களில் ஈயம் கலந்திருந்தது. 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசின் விதிகள், வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என வரையறுத்தன. அதற்கு முந்திய பூச்சின் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்யும். ஆதலால் நீர் தொட்டே தேய்க்கவேண்டும். குழந்தைகளையும் கருவுற்ற தாய்மாரையும் அவ்விடத்திலிருந்து விலக்கவேண்டும். தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும். தேய்க்கும் தொழிலாளியும் ஒரு குடும்பத்தின் தந்தையே. அவருக்கு முகக்கவசம் வாங்கித் தருவது நம் கடமை. விழாவுக்கு இரண்டு நாள் முன்னர் அழைத்து, இரவோடிரவாக முடிக்கச் சொல்வதும் முறையன்று.

ஆகவே, இவ்வாண்டு சுவர் ஈரமாக இருந்தால் அதனை அப்படியே விட்டுவிடுங்கள். ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, பழைய சுவரின் முன்னே குடிலை அமையுங்கள். மழை ஓய்ந்து, தை மாசி வெயிலில் சுவர் நன்கு உலர்ந்தபின் தக்க பூச்சைப் பூசி, பாஸ்குக் காலத்தில் பங்குத்தந்தையை அழைத்து வீட்டை மந்திரித்துக் கொள்ளலாம். இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பூசினால், உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாது. வீட்டில் அமைதியும் குலையாது.