திண்ணையும் தாழ்ப்பாளும்

மூலக்குளத்துத் தெருவில் நின்று கைப்பேசியைத் திறந்தால், அண்டை வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாய்த் தோன்றுகின்றன. "பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துக்கொள்ளட்டுமே, கடவுச்சொல் எதற்கு?" என்பாரும் நம்மிடையே உண்டு. அந்த ஈகைக் குணத்தை நாம் பழிக்கவில்லை. ஆயினும் ஒரு நிகழ்வை நினைவூட்ட விழைகிறோம்.

2008 சூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கச் சற்றுமுன் சென்ற மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாதிருந்த ஒரு வீட்டு வைஃபை வழியே அனுப்பப்பட்டது. தடம் தேடிய காவல்துறையினர் முதலில் அடைந்தது அவ்வீட்டையே. யாரோ செய்த செயலுக்கு வீட்டுக்காரர் விசாரணைக்கு உள்ளானார்.

பூட்டும் நல்ல பூட்டாதல் வேண்டும். டபிள்யூ.இ.பி. எனும் பழைய குறியாக்கத்தின் ஓட்டை 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2, அல்லது 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையையே தேர்ந்தெடுங்கள். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். ரவுட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். எட்டிலக்க எண்ணால் இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள்.

பகிர விரும்புவோர், அறிந்தவர்க்கு மட்டும் விருந்தினர் இணைப்பைத் தனிக் கடவுச்சொல்லோடு தரலாம். நம் முன்னோர் வழிப்போக்கர்க்குத் திண்ணை கட்டினர். உள்வீட்டுக்குத் தாழ்ப்பாளும் இட்டனர். இரண்டும் பண்பாடே என்பது எம் கருத்து.